குருதியில் ஏறும் புளிப்பு
(அல்சூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கங்களின் மரபு. இவ்வாண்டு உடல்நலம் குறித்தும் ஒரு பேச்சு இருக்கட்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். மனித உடலில் அமிலமும் காரமும் ஒத்து நிற்கும் முறையைப் பேசப் போகின்றோம் என்று நாம் தெரிவித்தபோது, "அது வகுப்பறைக்கு உரிய பொருள் அல்லவோ?" என்று நண்பர் ஒருவர் வியந்தார். வகுப்பறைக்கும் உரியதுதான். ஆயினும் நாம் குடியேறி வாழும் இந்நகரத்தின் நினைவில் ஆழப் பதிந்த துயரம் ஒன்று அப்பொருளோடு பிணைந்திருக்கிறது.

1981ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெங்களூரில் நச்சுச் சாராயம் அருந்தி முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் ஏழை எளியவர்கள். இங்கு அமர்ந்திருக்கும் முதியோருக்கு அந்நாட்கள் நினைவிருக்கலாம். ஜேம்ஸ் மேனர் என்னும் அரசியல் அறிஞர் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1993இல் வெளிவந்தது. அந்நூலின் நோக்கம் வறுமையையும் ஆட்சியையும் ஆராய்வது. நாம் கேட்க விழைவது வேறொரு கேள்வி. அந்த மனிதர்களின் உடலுக்குள் நிகழ்ந்தது யாது? குடித்த மறுகணமே அவர்கள் விழுந்துவிடவில்லை. இடையில் பல மணி நேரம் இருந்தது. அந்நேரத்தில் அவர்களுடைய குருதியில் ஒரு புளிப்பு ஏறிக்கொண்டிருந்தது. அதனை அறிந்துகொள்வதற்கு முதலில் நலமுள்ள உடல் புளிப்பை எவ்வாறு ஆள்கின்றது என்று காண வேண்டும்.

சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அமிலம் என்பது புளிப்பு. எலுமிச்சையிலும் புளியிலும் மோரிலும் நாம் சுவைப்பது அதுவே. காரம் என்னும் சொல்லில்தான் நமக்கு இடர்ப்பாடு. மிளகாயின் உறைப்பையும் நாம் காரம் என்கின்றோம். வேதியியலார் கூறும் காரம் அஃதன்று. வெங்காரம், சவுக்காரம் என்னும் சொற்களில் வருகின்றதே, அந்தக் காரம். ஊர்ப்புறங்களில் சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைக்கப் பயன்படுத்திய உவர்மண் நல்ல காரப்பொருள். நம் அடுக்களையில் உள்ள ஆப்பச் சோடா மென்மையான காரம். புளிப்பும் காரமும் கூடினால் ஒன்றை மற்றொன்று தணிக்கும்.

இவற்றை அளக்கும் அளவுகோலை 1909இல் சோரன்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு வேதியியலார் வகுத்தார். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் என்னும் பீர் ஆலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். பி.எச். என்று வழங்கும் அவ்வளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. இரைப்பையில் சுரக்கும் நீர் 1 முதல் 2 வரை. நம் குருதியோ 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கின்றது. அதாவது நடுநிலையைத் தாண்டிச் சற்றே காரப் பக்கம். 6.8க்குக் கீழே இறங்கினாலும், 7.8க்கு மேலே ஏறினாலும் உயிர் தங்குவது அரிது. உடலில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் நொதிகள் இக்குறுகிய எல்லைக்குள்தான் செம்மையாக இயங்கும். புளிப்பு மிகுந்தால் இதயத் தசையும் சோர்ந்துவிடும்.

புளியேப்பமும் நெஞ்செரிச்சலும் பற்றி நாம் பேசப் போகின்றோம் என்று எண்ணி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவை இரைப்பையின் சிக்கல். இரைப்பை புளித்திருப்பது இயல்பு. குருதி புளிப்பதே நோய்.

உடலில் இவ்வளவு புளிப்பு எங்கிருந்து வருகிறது? நாம் உண்ட சோறும் பருப்பும் உடலினுள் எரிகின்றன. அடுப்பு எரிந்தால் புகை எழுவது போல இங்கும் கரியமில வாயு உண்டாகிறது. ஒரு நாளில் உண்டாகும் வாயுவைத் திரட்டினால் முந்நூறு லிட்டருக்கும் மிகும். கரியமில வாயு நீரில் கரைந்தால் மெல்லிய அமிலம். கோலி சோடாவின் சுள்ளென்ற சுவை அதனால் வருவதே. இதனை நுரையீரல்கள் மூச்சோடு வெளியேற்றி விடுகின்றன. இதுவன்றி, பருப்பு, முட்டை, இறைச்சி முதலிய புரதங்களில் உள்ள கந்தகத்திலிருந்து கந்தக அமிலமும், வேறு சில அமிலங்களும் சிறிதளவு உண்டாகின்றன. அளவிற் சிறியவையேனும் இவற்றை ஊதி வெளியே தள்ள இயலாது. சிறுநீரகங்களே இவற்றைக் கழிக்க வேண்டும்.

இவை கழியும் வரையில் குருதி தன்னைக் காத்துக்கொள்வது எப்படி? அதற்கென்று குருதியில் ஒரு சேமிப்பு இருக்கிறது. அதன் பெயர் பைகார்பனேட். ஆப்பச் சோடாவில் இருப்பதும் அதே பொருள்தான் என்றால் இல்லத்தரசியர் வியப்பர். பிள்ளைகள் நாளைக் காலையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு குவளையில் சிறிது ஆப்பச் சோடாவை நீரில் கரைத்து, அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். புளிப்பு அடங்கிவிடும், பொங்கி வருவது கரியமில வாயு. நம் குருதியிலும் நொடிதோறும் இதுவே நிகழ்கின்றது. வேண்டாத அமிலம் எதிர்ப்பட்டால் பைகார்பனேட் அதனைத் தணித்துத் தான் அழிகின்றது. அங்கே பிறக்கும் வாயுவை நாம் மூச்சாக வெளியே விடுகின்றோம். அமிலம் மிகுந்தால் வாயுவும் மிகும். மூச்சும் ஆழ்ந்து விரையும். அழிந்த பைகார்பனேட்டை மீண்டும் ஈட்டித் தருபவை சிறுநீரகங்கள். அவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதிலுள்ள பைகார்பனேட்டை வீணாக்காமல் மீட்டெடுத்துக் குருதியில் சேர்க்கின்றன. அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுகின்றன. நுரையீரல் நிமிடக் கணக்கில் வேலை செய்யும். சிறுநீரகத்திற்கு நாட்கள் வேண்டும். இந்தக் கால வேற்றுமையைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிச் செல்வோம். "காரத் தண்ணீர்" என்று ஒன்றை இப்போது விற்கின்றார்கள். அதனைக் குடித்தால் குருதி காரமாகிப் பிணிகள் அகலுமாம். அதற்கென்று பொறிகளையும் விலைக்குத் தருகின்றார்கள். குடித்த நீர் முதலில் சென்று விழுவது எலுமிச்சையினும் புளித்த இரைப்பை நீரில். அங்கு அதன் காரம் என்ன ஆகுமென்று மேற்சொன்ன குவளைச் சோதனையைச் செய்த குழந்தையே கூறிவிடும். உணவின் தன்மையால் சிறுநீரின் புளிப்பு மாறும்; அது சிறுநீரகம் தன் வேலையைச் செய்கின்றது என்பதற்கு அடையாளம். நலமுள்ளவரின் குருதி மாறுவதில்லை. பொறி வாங்கும் பணத்தைப் பிள்ளைகளின் நூல்களுக்குச் செலவிடலாம் என்பது நம் கருத்து.

இனி, நோய்க்கு வருவோம். குருதியில் அமிலம் ஏறுவதற்கு வாயில்கள் பல. நீரிழிவு உடையோர்க்கு இன்சுலின் பெரிதும் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் கீட்டோன் என்னும் அமிலங்கள் திரளும். அந்நிலையில் நோயாளி நீண்டு ஆழ்ந்து இடைவிடாமல் மூச்சு வாங்குவதை ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1874இல் எழுதி வைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை போன்று ஒன்று வீசும். ஆஸ்துமா இல்லை, சளி இல்லை, இருமல் இல்லை. ஆயினும் மலை ஏறியவர் போல மூச்சு வாங்குகின்றார் எனில், அங்கே நுரையீரல் நோயுற்றிருக்கவில்லை. குருதியின் புளிப்பை வெளியேற்றப் பாடுபடுகின்றது. வீட்டில் உள்ளோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வயிற்றுப்போக்கு மற்றொரு வாயில். குடலின் நீர் காரத்தன்மை உடையது. அது வெளியேறும்போது நீரும் உப்பும் மட்டுமன்றிப் பைகார்பனேட்டும் போய்விடுகின்றது. இதனை முதன்முதல் கண்டவர் ஓஷானெசி என்னும் அயர்லாந்து மருத்துவ இளைஞர். 1831-32இல் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது நோயாளிகளின் குருதியைச் சோதித்து, நீரும் உப்பும் காரமும் குறைந்துள்ளன என்று அறிவித்தார். குறைந்ததைத் திரும்பக் கொடுக்கலாம் என்றும் கூறினார். 1832இலேயே ஸ்காட்லாந்தில் லாட்டா என்னும் மருத்துவர் உப்புநீரை நோயாளிகளின் நரம்பு வழியே செலுத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஓஷானெசி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவெங்கும் தந்திக் கம்பிகளை நாட்டிய பெருமகன் அவரே! ஒருவரே இவ்விரண்டையும் செய்தார் என்பது நமக்கு என்றும் வியப்பளிக்கும் செய்தி. அவர் காட்டிய வழி கடைசியில் ஏழையின் குடிசை வரை வந்தது 1971இல்தான். வங்காள தேசப் போரினால் அகதிகள் நிறைந்த போன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கும் பொட்டலம் அதன் வழிவந்ததே. கெடாமல் நெடுநாள் இருக்க வேண்டி 1984 முதல் சோடாவுக்கு மாற்றாக அதில் சிட்ரேட் உப்பு சேர்க்கின்றனர். உடலுக்குள் சென்றதும் அது பைகார்பனேட்டாக மாறிவிடும்.

நுரையீரலே செயலற்றால் கரியமில வாயு உள்ளே தங்கியும் குருதி புளிக்கும். சோரன்சன் வாழ்ந்த அதே கோபன்ஹேகன் நகரில் 1952இல் இளம்பிள்ளை வாதம் பரவி மூச்சுத் தசைகள் செயலற்றுப் பலர் மாண்டபோது, இப்சன் என்னும் மருத்துவர் இவ்வுண்மையை உணர்ந்தார். தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சைச் செலுத்தினர். இறப்பு பெரிதும் குறைந்தது. அடங்காத வாந்தியினால் அமிலம் வெளியேறிக் குருதி காரமாவதும் உண்டு. அதனை இங்கு விரிக்கப் புகவில்லை.

இப்போது 1981க்குத் திரும்புவோம்.

நாம் சாராயம் என்று கூறுவது எத்தனால். அதன் உடன்பிறப்புப் போன்றது மெதனால். முற்காலத்தில் மரத்தை வாட்டி வடித்தமையால் மரச்சாராயம் என்றும் பெயர். வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய் முதலிய தொழில்களுக்கு வேண்டிய பொருள் அது. நிறத்தாலும் மணத்தாலும் இரண்டையும் குடிப்பவர் பிரித்தறிய இயலாது. விலை மலிவாதலால், பொருளாசை கொண்டோர் திருட்டுத்தனமாக அதனைச் சாராயத்தில் கலக்கின்றனர். காய்ச்சியவர் கைப்பிழையால் நஞ்சாயிற்று என்று பலரும் எண்ணுகின்றனர்; பெரும்பாலும் அது பிழையன்று, கலப்படம்.

மெதனால் தானாக அத்துணைக் கொடியதன்று. போதை தரும், அவ்வளவே. அதனை நஞ்சாக்குவது நம் கல்லீரல். எத்தனாலைச் சிதைக்கும் அதே நொதி மெதனாலையும் சிதைக்கின்றது. முதலில் பார்மால்டிஹைடு உண்டாகின்றது. பிணங்களைப் பதப்படுத்தும் பார்மலின் அதன் கரைசலே. அடுத்து அது பார்மிக் அமிலம் ஆகின்றது. மாமரத்தில் ஏறிய பிள்ளைகளை முசுறு எறும்பு கடித்து எரியச் செய்கின்றதே, அந்த எறும்பின் அமிலம். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கை அறிஞர் எறும்புகளை வடித்தே அதனைப் பெற்றார். எறும்பு கடித்த இடத்தில் ஊசி முனையளவு விழுந்தால் துடிக்கின்றோம். இங்கோ, குருதி முழுவதும் அது பெருகுகின்றது. பைகார்பனேட் சேமிப்பு கரைகின்றது. அமிலமோ உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்கொள்ள முடியாதவாறு தடுக்கின்றது. அதனால் வேறு அமிலமும் சேர்ந்து பெருகுகின்றது. மூச்சு ஆழ்ந்து விரைகின்றது. ஆயினும் ஈடு செய்ய முடிவதில்லை. சிறுநீரகத்திற்கு நாட்கள் வேண்டும் என்றோமே, இங்கு நாட்கள் இல்லை. எல்லாவற்றிலும் முதலில் பழுதுறுவது கண் நரம்பு. பனிமூட்டம் சூழ்ந்தது போல் பார்வை மங்கி, முற்றும் அவிந்துவிடுகின்றது. பத்து மில்லி லிட்டர் மெதனால் பார்வையைப் பறிக்கக் கூடும். முப்பது மில்லி லிட்டர் உயிரையே பறிக்கக் கூடும்.

இவையெல்லாம் உடனே நிகழ்வதில்லை என்பதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. குடித்த பின் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை அவர் இயல்பாகவே இருப்பார். வழக்கமான மயக்கம், உறக்கம், மறுநாள் தலைவலி. உடன் நல்ல சாராயமும் கலந்திருந்தால் கல்லீரல் முதலில் அதனைச் சிதைக்கத் தொடங்கும்; மெதனால் காத்திருக்கும்; தீங்கு வெளிப்பட இன்னும் நெடுநேரம் ஆகும். மருத்துவரின் சிகிச்சையும் இவ்வுண்மையைச் சார்ந்ததே. அந்த நொதியை முடக்கிவிட்டால் அமிலம் பிறவாது. அதற்கு போமெபிசோல் என்னும் மருந்து உண்டு. அது கிடைக்காத இடங்களில் தூய எத்தனாலையே அளந்து, குருதியைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கின்றனர். இதனைக் கேட்டு எவரும் வீட்டில் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட வேண்டாம். அளவறியாது செய்வது மற்றொரு கேட்டில் முடியும். ஏறிவிட்ட புளிப்பைத் தணிக்க நரம்பில் சோடா உப்பு நீரைச் செலுத்துகின்றனர். குருதியைப் பொறியின் வழியே செலுத்தித் தூய்மை செய்யும் டயாலிசிஸ் முறையால் மெதனாலையும் அமிலத்தையும் ஒருசேர அகற்றுகின்றனர். உரிய நேரத்தில் வந்தவருக்கு இவை பயன் தரும். கண் அவிந்து, நினைவு தப்பிய பின் வந்தவருக்குப் பயன் மிகக் குறைவு.

ஏன் தாமதிக்கின்றார்கள்? குடித்தவன் அஞ்சுகின்றான்: காவலர் பிடிப்பரோ என்று. மனைவி நாணுகின்றாள்: ஊர் என்ன சொல்லுமோ என்று. பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்த செய்தி வந்தும், "நமக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று அவன் வேலைக்குப் போய்விடுகின்றான். அவனுடைய கல்லீரல் அப்போதுதான் எறும்பின் அமிலத்தைச் செய்துகொண்டிருக்கும். 2008 மே திங்களில் இதே பெங்களூரிலும், கோலார்ப் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 150க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மூண்ட துயரில் அறுபதிற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் குடும்பங்கள் இம்மாநிலத்திலும் அம்மாநிலத்திலும் வேர் ஊன்றியவை. மூன்று நிகழ்ச்சிகளும் நமக்கு அயலானவை அல்ல.

"நம் குடியிருப்பில் யார் அதைக் குடிக்கின்றார்கள்?" என்று சிலர் எண்ணலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரின் கணவர், கட்டட வேலைக்கு வரும் கொத்தனார், சுமை தூக்கும் தொழிலாளி இவர்களெல்லாம் நாள்தோறும் நம் வாயிலுக்கு வருகின்றார்கள். அவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல நம்மைவிட ஏற்றவர் யார்? குடியை விடு என்று அறிவுரை கூறுவது எளிது. அதனைப் பிறிதொரு நாளில் கூறிக்கொள்ளலாம். நஞ்சுச் சாராயச் செய்தி காதில் விழுந்த அன்று கூற வேண்டியது வேறு. ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களுள் ஒருவருக்குக் கண் மங்கினாலும், வயிறு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், மற்றவர்கள் நலமாக இருக்கும்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும். நமக்கு அண்மையில் பௌரிங் மருத்துவமனை இருக்கின்றது. மோர் புகட்டுவது, உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது, உறங்கட்டும் என்று விடுவது இவையெல்லாம் நேரத்தை வீணாக்கும் செயல்களே.

மருத்துவமனைக்குச் சென்றதும் மறைக்காமல் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்று, எத்தனை மணிக்குக் குடித்தார், எவ்வளவு குடித்தார், உடன் குடித்தவர்கள் யார் யார். மணிக்கட்டின் தமனியிலிருந்து சிறிதளவு குருதியை எடுத்து, சில நிமிடங்களில் அதன் பி.எச். எண்ணையும் பைகார்பனேட்டையும் மருத்துவர் கண்டுவிடுவார். ஆனால் குடித்த நேரத்தை எந்தப் பொறியும் சொல்லாது. அதை வைத்தே அமிலம் இன்னும் எவ்வளவு பிறக்கக் கூடும் என்று அவர் கணிக்க வேண்டியிருக்கின்றது. உடன் குடித்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டால், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அப்பொழுதே ஆள் அனுப்பிவிடலாம்.